ஜாஸ் கச்சேரியில் கெட்டிமேளம்

எங்கள் வீட்டில் "தெரியாது" என்று சொல்லக் கூடாத ஒரே ஆள் நான். யாரும் போட்ட சட்டம் இல்லை, நானே போட்டுக்கொண்டது. குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். ஆறாம் வகுப்பிலிருந்தே பூச்சிமருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, டாக்டர் சீட்டில் என்ன கிறுக்கியிருக்கிறார், புது மிக்ஸியில் மூன்றாவது பொத்தான் எதற்கு என்று எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். ஒருமுறை வானத்தில் விமானம் விட்டுப்போன வெள்ளைக் கோட்டைக் காட்டி அத்தை கேட்டாள். பின்னால் வருகிற விமானத்துக்கு வழி தெரிவதற்காகப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்றேன். அப்பாவின் அக்காவான அந்த அத்தை இன்றுவரை அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தக்காளியும் கேழ்வரகும் போடுகிற விவசாயி. ஊரில் அவருக்கு ஒரே ஒரு பதவி உண்டு. யார் வீட்டுக் கல்யாணமானாலும் தாலி கட்டும் நேரத்தில் மேளக்காரர்களுக்கு எதிரே நின்று ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவது அவர்தான். விரல் ஆடியதும் தவிலும் நாதஸ்வரமும் கெட்டிமேளத்தில் இறங்கும். அந்த நேரம் பார்த்து யாராவது தும்மினாலும், வாய் தவறி ஏதாவது பேசினாலும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகும். தாலி ஏறியதும் உள்ளங்கையைக் காட்டுவார். மேளம் நிற்கும். தன் விரல் ஒருநாளும் பிசகியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

எம்.ஏ. முடித்துவிட்டு மொரப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்தப் போனேன். வழக்கமாக ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைப்பார்கள். அந்த வருஷம் பார்மசி படிக்க ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்பது பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். முதல்வருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆப்பிரிக்க இசை, ஜாஸ் இசை, பல பண்பாடுகளின் திருவிழா என்று மூன்று ஆள் நீளத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லிவிட்டார். ஜாஸுக்குப் பெங்களூரிலிருந்து நான்கு பேர் கொண்ட குழு. ஆப்பிரிக்காவுக்கு ஆள் ஹாஸ்டலிலேயே இருந்தது.

"மேடம், ஜாஸ் தெரியுங்களா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தெரியுங்க சார்."

வாய் அதுவாகச் சொன்னது. இத்தனை வருஷப் பழக்கம்.

"அப்ப நீங்கதான் மேடையில நின்னு எல்லாத்தையும் விளக்கிச் சொல்றீங்க. நன்றியுரையும் உங்களுது."

முதலில் ஹாஸ்டலுக்குப் போனேன். ஒன்பது பேருக்கும் பேச்சாளராக இருந்தவள் தான்சானியாவிலிருந்து வந்த ஒரு பெண். தலை நிறைய மெல்லிய சடைகள். "சாப்ட்டீங்களா மேடம்?" என்று தமிழில் கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டாள். உங்கள் ஆப்பிரிக்க டிரம் நிகழ்ச்சியை எத்தனை நிமிஷம் வைக்கலாம் என்று கேட்டேன்.

"மேடம், நான் மாத்திரை செய்யக் கத்துக்க வந்திருக்கேன். எனக்கு டிரம் வாசிக்க வராது."

"அவருக்கு?" என்று பக்கத்திலிருந்த நைஜீரிய மாணவனைக் காட்டினேன்.

"அவனுக்கு ஃபுட்பால் வரும். எங்க ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவுல நாலஞ்சு நாடு இருக்கு மேடம். இங்க வந்துதான் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம்." சடைகளைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "உங்களுக்குப் பரதநாட்டியம் நல்லா வருமா மேடம்?"

கடைசியில் அவள் ஊரில் கல்யாணத்துக்குப் பாடுகிற ஒரு பாட்டை மற்ற எட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுப்பது என்று முடிவாயிற்று. டிரம்முக்கு ஹாஸ்டலில் தண்ணீர் பிடித்துவைக்கும் நீல பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு விடுதியில் தண்ணீர்ப் பஞ்சம்.

ஜாஸைப் பேருந்தில்தான் படித்தேன். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம், காதில் இயர்போன். முதல் நாள், காரிமங்கலம் சந்தையில் ஒரே ஆட்டுக்கு நாலு வியாபாரிகள் சண்டை பிடிப்பது போல இருந்தது. இரண்டாம் நாளும் ஆடு விலை படியவில்லை. மூன்றாம் நாள், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கொஞ்சம் விலகிக்கொள்கிறார்களோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இணையத்தில் கிடைத்ததை வைத்து இரண்டு பக்க உரை எழுதி மனப்பாடம் செய்தேன். அதில் "பன்முகத்தன்மை" என்ற சொல் மட்டும் ஏழு இடத்தில் வந்தது.

வீட்டில் வேறு சொல்லித் தொலைத்திருந்தேன், ஜாஸ் எனக்கு அத்துப்படி என்று. விளைவு, விழா நாளன்று தக்காளிப் பெட்டி ஏற்றுகிற குட்டியானை வண்டியில் அப்பா, அம்மா, அத்தை, இன்னும் எட்டு உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அப்பா அன்றைக்குக் காய் பறிப்பையே தள்ளிப்போட்டிருந்தார். நான் வேலை செய்கிற இடத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் முறை. முக்கிய விருந்தினர்களுக்காக முன்வரிசையில் போட்டிருந்த சோபாவில் பதினொரு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை.

"எங்க பாப்பாதான் எல்லாத்தையும் நடத்தறது. அதுக்குத் தெரியாத பாட்டே கெடையாதுங்க," என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் அப்பா சொல்வது மேடை வரைக்கும் கேட்டது. அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் எங்கள் முதல்வர். இரண்டு மணி நேரம் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும், பிறகு எது வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மாணவர்களின் பாட்டு நன்றாகவே தொடங்கியது. நீல டிரம் பிரமாதமாகப் பேசியது. பாட்டின் நடுவில் அந்தத் தான்சானியப் பெண் தலையை நிமிர்த்தி, நாக்கைச் சுழற்றி, நீளமாக ஒரு குலவை விட்டாள்.

"அடி ஆத்தாடி! இது நம்ம குலவைடி!" என்று அத்தை எழுந்தாள். எழுந்தவள் சும்மா நிற்கவில்லை. மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு விடுவது போல ஒன்று விட்டாள். மேடையிலிருந்து பதில் வந்தது. அத்தை அதற்கும் பதில் கொடுத்தாள். யார் மூச்சு முதலில் தீரும் என்று பார்க்கக் கல்லூரியே எட்டிப் பார்த்தது. இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் இரண்டு பக்க உரையில் இதற்கு இடமே இல்லை.

அடுத்து ஜாஸ். என் உரையைப் பிசிறில்லாமல் சொல்லி முடித்தேன். ஒருவர் சாக்ஸபோன், ஒருவர் கீபோர்டு, ஒருவர் டிரம்ஸ், ஒருவர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்த ஒரு பெரிய வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாக்ஸபோனா? கன்னடக்காரங்க கல்யாணத்துல ஊதறதாச்சே," என்றார் அப்பா, தெம்பாக.

ஊதினார்கள். பேருந்தில் கேட்ட அதே சண்டைதான், ஆனால் நேரில் பார்க்கும்போது நாலு பேரும் சிரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். சாக்ஸபோன்காரர் தனியாக ரொம்ப நேரம் ஊதி, உச்சிக்குப் போய், தலை குனிந்து பின்னால் நகர்ந்தார். கூட்டம் கைதட்டியது. கீபோர்டு நின்றது. டிரம்ஸும் நின்றது. பெரிய வயலின்காரர் மட்டும் கம்பிகளை மெல்லச் சுண்டிக்கொண்டிருந்தார். எடுத்துவைப்பதற்கு முன்னால் சரிபார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கார்ட்லெஸ் மைக்கோடு மேடை நடுவுக்குப் போய் நன்றியுரையைத் தொடங்கினேன்.

"இந்த இனிய மாலைப் பொழுதைச் சிறப்பித்த நிர்வாகத்தினருக்கு நன்றி."

என் முதுகுக்குப் பின்னால் சாக்ஸபோன் "பாப்" என்றது.

"முதல்வர் அவர்களுக்கு நன்றி."

"பாபாப்" என்றது.

"ஒலிபெருக்கி அமைத்தவர்களுக்கு..."

டிரம்ஸ் ஒரு தட்டுத் தட்டியது. கூட்டம் சிரித்தது. திரும்பிப் பார்த்தேன். நாலு பேரும் என்னைப் பார்த்து, மேலே சொல்லுங்கள் என்பது போலத் தலையாட்டினார்கள். அப்போதுதான் புரிந்தது, பாட்டு முடியவில்லை. அந்தப் பெரிய வயலின்காரரின் முறை அது. அவருடைய முறையில்தான் நான் ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தொடரவும் முடியவில்லை, இறங்கவும் கால் வரவில்லை. சிரிப்பு பின்வரிசை வரை போயிருந்தது.

அப்பா என்னையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தன் பெண்ணைப் பார்த்துக் கூட்டமே சிரிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைப் படியேறி வந்தார். டிரம்ஸுக்கு எதிரே நின்றார். ஆள்காட்டி விரலைத் தூக்கி, படபடவென்று ஆட்டினார்.

டிரம்ஸ்காரர் ஒரு விநாடி அந்த விரலைப் பார்த்தார். பிறகு இறங்கினார் பாருங்கள், அப்படி ஒரு கெட்டிமேளம் எங்கள் ஊரில் எந்தத் தாலிக்கும் அடித்ததில்லை. சாக்ஸபோனும் கீபோர்டும் சேர்ந்துகொண்டன. என் நன்றியுரை, என் தவறு, கூட்டத்தின் சிரிப்பு எல்லாம் அதில் அமுங்கிப்போயின.

அதோடு நின்றிருந்தால் நல்லது. போதும் என்று அப்பா உள்ளங்கையைக் காட்டினார். டிரம்ஸ்காரர் சத்தத்தைக் குறைத்தாரே தவிர, நிறுத்தவில்லை. அப்பாவுக்குச் சந்தேகம். மறுபடி விரலைத் தூக்கினார். இடி இடித்தது. இறக்கினார். தூறலாயிற்று. கொஞ்சமாகத் தூக்கினார். கொஞ்சமாக இடித்தது. அப்பாவின் முகத்தில், நான் எம்.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கிய அன்றுகூடப் பார்க்காத ஒரு வெளிச்சம். ஆனால் எத்தனை முறை உள்ளங்கையைக் காட்டினாலும் நிற்கவில்லை. அவர் பதவிக்கே இது புதுச் சோதனை. வியர்த்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தாலிதான் இல்லியே, எப்பம்மா நிறுத்தறது?"

"தெரியாதுப்பா."

கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டேன். நான்கு ஒலிபெருக்கிகளும் சேர்ந்து "தெரியாதுப்பா" என்றன.

"தெரியாதா! உனக்கா?" என்று முன்வரிசையிலிருந்து அத்தை கத்தினாள்.

"தெரியாதுங்க அத்தை! எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது!"

அதையும் ஒலிபெருக்கிகள் சொல்லின. எனக்கு அழுகை வரப்போவது போல இருந்தது. வந்ததோ சிரிப்பு. அப்பா என்னை வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்து நீளமாக மூச்சு விட்டார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? இவ்வளவு நேரம் எங்க பதினோரு பேருக்கு மட்டுந்தான் புரியலன்னு நெனச்சு, வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தோம்."

அத்தைதான் எங்களைக் கரையேற்றினாள். கெட்டிமேளம் கொட்டினால் அடுத்தது குலவைதான் என்பது அவள் கணக்கு. எழுந்து நின்று ஒரு குலவை விட்டாள். மேடையோரத்திலிருந்து தான்சானியப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். டிரம்ஸ்காரர் இருவரையும் பார்த்து, அந்தக் குலவை முடிகிற இடத்துக்குக் காத்திருந்து, ஒரே ஒரு அடி அடித்து நிறுத்தினார். அப்பா அதே நேரத்தில் உள்ளங்கையைக் காட்டிவிட்டார். நிறுத்தியது தான்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

கீழே இறங்கியதும் முதல்வர் ஓடி வந்தார். "மேடம், நன்றியுரைய பாட்டோட சேத்து, குடும்பத்தையும் கொண்டாந்து... எத்தன நாளு ஒத்திகை பாத்தீங்க?"

"இல்லீங்க சார். பாட்டு முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டேன். எனக்கு ஜாஸ் தெரியாதுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்கு அடக்கம் ரொம்பத்தான் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது குட்டியானையில் ஒரே விவாதம். எனக்கே தெரியாது என்றானபின் ஆளாளுக்கு ஒரு கருத்து வந்துவிட்டது. பெரிய வயலின்காரர்தான் நாலு பேருக்கும் மூத்தவர், அதனால்தான் அவர் பேசும்போது மற்றவர்கள் வாய் மூடினார்கள் என்றாள் அம்மா. கீபோர்டுக்காரருக்கும் சாக்ஸபோன்காரருக்கும் பழைய தகராறு இருக்க வேண்டும் என்றார் ஒரு மாமா. நான் மூன்று நாள் பேருந்தில் பிடிக்க முடியாததை அவர்கள் தக்காளிப் பெட்டிமேல் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. நான் எதையாவது விளக்க வாயெடுத்தால், யாராவது ஒருவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவார்கள். உடனே மற்றவர்கள் தட்டு, சொம்பு, எது கையில் கிடைக்கிறதோ அதைத் தட்டுவார்கள். போன வாரம் தலைக்கு மேலே ஒரு விமானம் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போயிற்று. இதற்குள் அதைப் பற்றிப் படித்து வைத்திருந்தேன். என்ஜினிலிருந்து வெளியே வருகிற நீராவி, மேலே உள்ள குளிரில் உறைந்துபோகிறது, அதுதான் கோடாகத் தெரிகிறது.

"அத்தை, அந்தக் கோடு இருக்குதில்ல, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

அத்தை விரலைத் தூக்கினாள். அப்பா சொம்பை எடுத்தார்.