அத்தானின் ஆரஞ்சுப் பூச்சிகள்

என் அக்கா தையல்காரி. நூலிழை பிசகினாலும் பிரித்துத் தைப்பவள், பூச்சியைக் கண்டால் மட்டும் ஊரைக் கூட்டிவிடுவாள். அவளுக்கு வாய்த்த அத்தானோ பஸ் டிப்போ மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் பூச்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் ஓடி, தொட்டால் உருண்டுகொள்ளுமே, அந்த ஜாதி. ஐசோபாட் என்பார். அவருடையவை நல்ல ஆரஞ்சு. "மூணு நாத்தனார் இருந்தாக்கூடச் சமாளிச்சிருப்பேன்" என்று அக்கா புலம்புவாள்.

அத்தான் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அதன்பின் பெட்டியைத் திறந்து, அவர் செய்தபடியே ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தெளித்து, சருகு போட்டதெல்லாம் அக்காதான். ஒன்றுகூட மண்ணைவிட்டு மேலே வரவில்லை.

"அவரத் தேடுதுங்கடி" என்றாள்.

அவர் கடைசியாகப் போட்ட சட்டையைத் துவைக்காமல் பீரோவில் வைத்திருந்தாள். யாரையும் தொடவிடமாட்டாள். அதன் இடது கையை வெட்டி, நனைத்து, பெட்டிக்குள் விரித்தாள். இரண்டே நாளில் துணிக்கடியில் குஞ்சு குட்டியோடு திரண்டுவிட்டன.

"பாத்தியா? அவரு வாசனை தெரியுது."

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினை நிறுத்திவிட்டுப் பெட்டியில் காதை வைப்பாள். உள்ளே சரசரக்கும். இவள் "ம்... ம்..." என்பாள். ஒருநாள், "மாத்திர போட்டீங்களா?" என்று கேட்டாள். அக்கா நம் கையைவிட்டுப் போகிறாள் என்ற பயத்தில், இதே பூச்சி வளர்க்கும் அத்தானின் நண்பர் எலெக்ட்ரீஷியனை அழைத்து, பெட்டியை எடுத்துப் போகச் சொன்னேன்.

அவர் மூடியைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "பருத்தித் துணியவா வச்சீங்க அண்ணி? ஈரமாயிருந்தா இதுங்களுக்கு அது சாப்பாடாச்சே."

தூக்கிக் காட்டினார். துணி சல்லடையாகியிருந்தது. தையல் போட்ட பாலியெஸ்டர் நூலும் மணிக்கட்டுப் பொத்தானும்தான் முழுசாக இருந்தன.

"அவரத் தேடி வரலையா?"

"பசிக்கு வந்திருக்கு அண்ணி."

அந்த மனிதரை அறையலாம்போல இருந்தது. கூட்டிவந்தவளே நான்தான், யாரை நோவது?

அக்கா அழவில்லை. பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப அவரு இதுங்க வயித்துலதான் இருக்காரு. நான் எப்படித் தூக்கிக் குடுப்பேன்?"

எலெக்ட்ரீஷியன் வெறுங்கையோடு போனதும் பீரோவைத் திறந்து சட்டையின் வலது கையை வெட்டினாள். பொத்தானை நீக்கினாள். பிள்ளைக்கு மீனில் முள் எடுப்பதுபோல, தின்ன முடியாத நூலை ஒவ்வொன்றாக உருவினாள்.

இப்போது முதுகுத் துணியும் போய்விட்டது. பாக்கி இருப்பது காலர்தான். அதுவும் தீர்ந்துவிட்டால் அவருடையது என்று வேறு எதைக் கொடுப்பாள்? போன வாரத்திலிருந்து பெட்டி முன்னால் உட்கார்ந்து, தான் கட்டியிருக்கும் நூல் புடவையின் தலைப்பை நனைத்து நனைத்துப் பார்க்கிறாள்.