என் கையில் ஆறு வட்டம்

அன்று காலை பொம்மிடி ரயிலடிக்குப் பக்கத்தில், டாக்டரின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். டாக்டர், அவருடைய கம்பவுண்டர், நான், என் மனைவி, ஒன்பது வயதான எங்கள் மகள். வண்டிக்காரர் வெளியே புளியமரத்தடியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு ஊரில் பலரும் தாங்களே பக்கத்தில் நின்று பார்த்தது போலப் பேசினார்கள். யாரும் நிற்கவில்லை. டாக்டர் என் கையைப் பார்த்துவிட்டு நோட்டில் "இல்லை" என்று எழுதினார். அது சரியாக இருக்காது என்று எனக்குள் உறுத்தியது. உறுத்தியும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் கடத்தூருக்கு மேற்கே. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுற்றுப்பட்ட மேட்டுக்காடுகளில் விளையும் ஆமணக்கை வாங்கி, களத்தில் காயவைத்துத் தட்டி, கொட்டையை மூட்டை போட்டுப் பொம்மிடியில் ரயிலேற்றுவதுதான் என் பிழைப்பு. கொட்டமுத்து என்றுதான் எங்கள் பக்கம் அதற்குப் பெயர். சண்டைக் காலம் அது. விளக்கெண்ணெய்க்கு எங்கெங்கிருந்தோ கிராக்கி வந்திருந்தது. சேலத்து எண்ணெய் மண்டிக்காரர் ஒருவர் அந்தப் பருவத்துக்காக என்னிடம் இருநூறு ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தை நான் அப்படியே குடியானவர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

மகளுக்கு ஐந்து வயதிலிருந்தே மூச்சிழுப்பு. வேப்பெண்ணெய், ஆடாதோடைக் கஷாயம், தாயத்து, எல்லாம் பார்த்தாகிவிட்டது. இழுப்பு வந்தால் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருப்பாள். நான் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்து மூச்சை எண்ணுவேன். எண்ணி என்ன செய்யப்போகிறோம் என்று மனைவி கேட்பாள். எனக்கும் தெரியாது. எண்ணாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பொம்மிடிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் இளவயதுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். இழுப்பு எதனால் வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். சீட்டு ஒட்டிய சின்னச் சின்னப் புட்டிகள் அவர் அலமாரி முழுக்க இருக்கும். வீட்டுத் தூசி, கேழ்வரகு உமி, கொள்ளுத் தொலி, கோழி இறகு, பருத்திப் பஞ்சு, ஆமணக்குத் தோல், எல்லாவற்றையும் கொண்டு வரச் சொன்னார். பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

"ஏனுங்க, குப்பை ஏவாரமும் ஆரம்பிச்சிட்டீங்களா? மணங்கு என்ன வெலை?" என்றார் கம்பவுண்டர்.

"உங்களுக்குன்னா சும்மாவே தரேனுங்க" என்றேன். மகள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது.

அந்தத் தூசிகளையெல்லாம் ஊறவைத்து வடிகட்டி டாக்டர் தெளிநீர் எடுத்தார். ஆனால் அதை மகள் கையில் வைத்துப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. "முன்னாடி ஒரு ஊர்ல நேரா ஒரு பிள்ளை கையிலயே கீறி வெச்சுப் பார்த்தேன். அது மயங்கி விழுந்து, நான் பட்ட பாடு போதும்யா" என்றார். பிறகு வேறு ஒரு வழி சொன்னார். மகளின் ரத்தம் கொஞ்சம் எடுத்து, அது உறைந்தபின் மேலே நிற்கும் மஞ்சள் நீரை என் கைத்தோலுக்குள் ஆறு இடத்தில் ஏற்ற வேண்டும்.

"குழந்தை ரத்தத்துல ஏதோ ஒண்ணு இருக்கு. அது என்னன்னு எங்களுக்கே இன்னும் பிடிபடலை. ஆனா அதை இன்னொருத்தர் தோல்ல வெச்சா, அந்த இடம் மட்டும் இந்தக் குழந்தை உடம்பு மாதிரி நடந்துக்கும். அங்க ஒவ்வொரு தூசியா வெச்சுப் பார்க்கலாம். எது எழும்புதோ அதுதான் இவளுக்கு ஆகாதது."

"எனக்கும் இழுப்பு வந்துடுங்களா?"

"வராது."

"ஒருவேளை வந்துட்டா?"

"யோவ், வராதுன்னா வராதுய்யா. கொஞ்ச நாள்ல அதுவா கரைஞ்சு போயிடும்."

நான் ஒப்புக்கொண்டேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஆறு ஊசி. ஒவ்வொன்றையும் சுற்றி ஊதாப் பென்சிலால் வட்டம் போட்டார். இரண்டு நாள் ஆமணக்குப் பக்கமே போகக் கூடாது, கையில் எதையும் தடவக் கூடாது, மூன்றாம் நாள் வரவேண்டும் என்றார்.

போகாமல்தான் இருந்தேன். களத்துக்கு எட்டத்தில், எங்கள் கிணற்றுமேட்டுக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டேன். ஆனால் மனசு சும்மா இருக்கவில்லை. வட்டத்துக்குள் ஊசி போட்ட இடம் லேசாகச் சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்து நெஞ்சில் ஏதோ அடைப்பது போல இருந்தது. பிறகு இடப்பக்கம். மறுநாள் மத்தியானம் மனைவி களி கொண்டுவந்தபோது, "ஏம்புள்ள, இது வெஷமா ஏறுது பாரு. ஒரு பத்து அரைச்சுப் போடு" என்றேன்.

எங்கள் பக்கம் கட்டி, வீக்கம், குளவி கொட்டியது எதற்கும் பத்து ஒன்றுதான். ஆமணக்குக் கொட்டையைத் தோலுரித்து அரைத்து, இளஞ்சூட்டில் அப்புவது. டாக்டர் சொன்னது எனக்கு மறந்துவிடவில்லை. அவர் சொன்னது களத்துச் சரக்கை, இது மருந்துதானே என்று இருவருமே நினைத்தோம். சரக்கு வேறு, மருந்து வேறு என்றே பழகிய புத்தி.

அப்பிக் கால் நாழிகை ஆகவில்லை. நமைச்சல் பிடுங்கியது. துடைத்துப் பார்த்தால் ஆறு வட்டமும் குளவி கொட்டியது போலத் தடித்து நின்றன. கை முழுக்கத்தான் பத்து போட்டிருந்தது. வட்டங்களுக்கு நடுவில் தோல் ஒன்றும் ஆகாமல் வழுவழுவென்று இருந்தது. கிணற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் அமுங்கிவிட்டது.

"பார்த்தீங்களா, வெஷத்தை வெளிய இழுத்துப் போட்டிருச்சு" என்றாள் மனைவி.

மூன்றாம் நாள்தான் முதலில் சொன்ன அந்தக் காலை. டாக்டர் ஆறு வட்டத்திலும் ஆறு தெளிநீரைச் சொட்டுவிட்டு ஊசியால் குத்தினார். ஆமணக்கு வைத்தது மூன்றாவது வட்டத்தில். நாங்கள் ஐந்து பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சேலத்து ரயில் வந்து போனது. ஒன்றும் எழும்பவில்லை.

"ஆமணக்கும் இல்லையா!" என்ற டாக்டரின் முகம் வாடிவிட்டது. "அதா இருக்கும்னுதான் நெனச்சேன். சரி, நீ உன் வியாபாரத்தைப் பார்க்கலாம்யா. வேற எதாவதுதான் தேடணும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கம்பவுண்டரின் மேஜையைப் பார்த்தேன். நேற்று தடித்தது இன்று ஏன் தடிக்கவில்லை? கேட்டிருக்கலாம். கேட்டால் தடவாதே என்று சொன்னதைத் தடவியது வெளிவரும், திட்டுவார் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் அந்த இருநூறு ரூபாய். "இல்லை" என்ற சொல் எனக்கு வேண்டியிருந்தது. அதுதான் உண்மை. எழுதும்போதே கை கூசுகிறது.

அடுத்த பத்து நாளும் மூட்டைகள் வந்துகொண்டிருந்தன. காய்கள் களத்து வெயிலில் படபடவென்று வெடித்தன. நான் மகளைத் தூரப் போ, தூரப் போ என்று விரட்டிக்கொண்டே இருந்தேன்.

"டாக்டருதான் ஒண்ணுமில்லைன்னுட்டாரேப்பா" என்பாள் அவள்.

ஒருநாள் மத்தியானம் காற்று வீட்டுப் பக்கம் திரும்பியது. ஆட்கள் தட்டிக்கொண்டிருந்த தூசியெல்லாம் வாசலுக்குள் வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மகள் அம்மிக்குப் பக்கத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. "அப்..." என்றாள். மீதி வரவில்லை. முதுகில் கை வைத்தேன். எண்ணுவதற்கு மூச்சே சரியாக இல்லை.

எங்கள் வண்டி பொம்மிடி போகும்வரை வழியில் யாரிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. டாக்டர் ஊசி போட்டார். கொஞ்சம் பொறுத்து அவள் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு மூச்சு இழுத்தாள், முழு மூச்சு. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பத்து போட்டதை அழுதுகொண்டே சொன்னேன்.

அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆறு வட்டமும் தடிச்சுதா?"

"ஆமாங்க."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாமங்க."

"நடுவுல? நடுவுலயும் பத்து இருந்துச்சே?"

"நடுவுல ஒண்ணும் இல்லீங்க. மொழுமொழுன்னு இருந்துச்சுங்க."

எழுந்து போய் ஜன்னலண்டை நின்றார். "அதுதான்யா சோதனை! நான் செய்யவேண்டியதை உன் சம்சாரம் அம்மியில அரைச்சுச் செஞ்சு முடிச்சிட்டாங்க. அந்த இடத்துல இருந்த குழந்தை ரத்தத்துப் பொருளெல்லாம் பத்தோட மல்லுக்கட்டித் தீர்ந்து போச்சு. மறுநாள் நான் வெச்சா எப்படி எழும்பும்? வெடிச்ச வேட்டுல மறுபடி நெருப்பு வெச்சாப்பல." சொல்லிவிட்டுத் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "பத்து நாளா என் நோட்டுல பொய் இருக்கு. மெட்ராஸுக்கு வேற எழுதிப் போட்டுட்டேன். அதைக்கூட அடிச்சுத் திருத்திடலாம். இந்தப் பிள்ளை இன்னிக்கு வந்து சேராம இருந்திருந்தா எதை அடிச்சுத் திருத்துவே நீ?"

கம்பவுண்டர்கூட அன்று கேலி பேசவில்லை.

"மத்தக் கையைக் காட்டு" என்றார் டாக்டர்.

அதில் மறுபடி ஆறு ஊசி, ஆறு வட்டம். இந்தத் தடவை பொம்மிடியிலேயே, தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். கையை வேட்டித் துணியால் சுற்றிக்கொண்டேன், நானே தொட்டுவிடக் கூடாது என்று. மூன்றாம் நாள் ஆமணக்கு வைத்த ஒரு வட்டம் மட்டும் ஓரணாக் காசு அகலத்துக்குத் தடித்தது. மற்ற ஐந்தும் அப்படியே இருந்தன. மகள் அதைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதாப்பா?" என்றாள். "இல்லடி, நமைக்குது" என்றேன்.

திரும்பும் வழியில் மனைவி மகளை மடியில் சாய்த்துக்கொண்டு வந்தாள். மொரப்பூர்ப் பாதை பிரியும் இடத்தில், "கொட்டமுத்தை வுட்டுட்டா நம்ம வூட்டுல அடுப்பு எப்புடிங்க எரியும்?" என்றாள்.

"எரியலைன்னா பரவாயில்ல" என்றேன். துணிச்சலாகச் சொன்னேனே தவிர, மனசு அந்த இருநூறு ரூபாயைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

களத்தில் கிடந்ததை வந்த விலைக்குத் தள்ளினேன். கோணிகளைக் கொளுத்தினேன். விளக்குக்கு ஊற்றிய எண்ணெய், வண்டி அச்சுக்குப் போட்ட மசகு, எருவுக்கு வைத்திருந்த பிண்ணாக்கு, எங்கே தொட்டாலும் ஆமணக்குதான் இருந்தது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டோம். மகளுக்கு இழுப்பு அடியோடு போய்விடவில்லை. பக்கத்துக் காட்டில் யாராவது தட்டினால் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த மத்தியானம் போல மறுபடி ஒன்று வரவில்லை. வந்துவிடுமோ என்று நான் மட்டும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

குடியானவர்களிடம் கொடுத்த பணம் பாதிகூடத் திரும்பி வரவில்லை. மண்டிக்காரர் நேரில் வந்தார். என் கையை நீட்டிக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"உங்க கை தடிச்சா எனக்கென்னங்க? எங் கையில காசு தடிக்கணுமில்ல?" என்றார். ஆனாலும் மகளைக் கூப்பிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மாட்டில் ஒரு ஜதையை விற்றேன். மனைவியின் தோட்டை விற்றேன். இப்போது கேழ்வரகும் புளியும் வாங்கி விற்கிறேன். அதில் மிச்சமாவதைத் தவணை தவணையாகச் சேலத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அறுபத்தேழு ரூபாய் எட்டணா பாக்கி.