ஏழிலேயே நின்ற தண்ணீர்

கல்யாணப் பேச்சின்போது மாமனார் என் வேலை என்னவென்று கேட்டார். "எப்பவும் தண்ணியிலதான் மாமா," என்றேன். அதற்குப் பிறகும் பெண் கிடைத்தது என் அதிர்ஷ்டம். அந்த வாய்க்கொழுப்பு இன்னும் குறையவில்லை, வேலையும் மாறவில்லை. பொது நீச்சல் குளத்தில் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பவன் நான். இந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. ஆனால் இன்றுவரை முழங்காலுக்கு மேல் குளத்தில் நனைந்ததில்லை. நீச்சல் தெரியாது. யாராவது கேட்டால், "சமையல்காரன் அண்டாவுக்குள்ள இறங்கியா சமைக்கிறான்?" என்று சமாளிப்பேன்.

போன வருடம் பம்ப் அறைக்குப் புது கன்ட்ரோலர் வந்தது. சுவரில் மாட்டிய பெட்டி, அதில் சின்னத் திரை. இரண்டு மோட்டார்கள் அதன் பேச்சைக் கேட்டு ஓடும். ஒன்று குளோரின் ஊற்றும், மற்றது ஆசிட் ஊற்றும். குளோரின் சேரச் சேரத் தண்ணீரில் காரம் ஏறும், கண் எரியும். அதை இறக்கத்தான் ஆசிட். காரத்தின் அளவான பி.எச். ஏழரையைத் தாண்டக் கூடாது என்று நான் செட்பாயின்ட் வைத்தால் போதும். சென்சார் தண்ணீரைப் பார்த்துச் சொல்லும், மோட்டார் தானே ஓடித் தானே நிற்கும். அதுவரை தினமும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி வந்த அன்றே குழாய்களைக் கழுவிப் பரணில் போட்டேன். "இனிமே இதெல்லாம் கற்காலம்," என்று குளத்தங்கரையைப் பெருக்குகிறவருக்குச் சொற்பொழிவு வேறு.

அதே வாரம் என் மனைவி நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். அவள் ஒரு கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுக்கிறாள். நாற்பது தாண்டிய பெண்களுக்கென்று வாரத்தில் இரண்டு காலை வகுப்பு நடக்கும். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று அவள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை. அதனால் அவள் பணம் கட்டிவிட்டு வந்து சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் வகுப்பின்போது நான் பம்ப் அறையில் இருந்தேன். ஆசிட் மோட்டார் நிமிடத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று அளவுக் குடுவையில் பிடித்துப் பார்த்து, கன்ட்ரோலரில் பதிந்தாயிற்று. அடுத்தது சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை. அதைக் குழாயிலிருந்து கழற்றி, ஓட்டையை அடைத்து, பி.எச். ஏழு என்று சீட்டு ஒட்டிய புட்டித் திரவத்தில் நனைத்தேன். திரையில் ஏழு. பிரமாதம். அந்த நேரம் வெளியே கைதட்டல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மனைவி முகத்தைத் தண்ணீரில் முக்கி எழுந்து நிற்கிறாள். ரப்பர் தொப்பிக்குள் அவள் முகம் உரித்த முட்டைபோல இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் வீட்டுக்காரம்மா" என்று பல்லைக் காட்டிவிட்டு, அப்படியே டீ குடிக்கப் போய்விட்டேன்.

சென்சார் புட்டியிலேயே இருந்தது. உங்களுக்கு இது இப்போதே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய மூன்று வாரம் பிடித்தது.

திரையில் ஏழு ஆடாமல் அசையாமல் நின்றது. அதைப் படம் பிடித்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மச்சான் மட்டும், "குளத்துல ஆள் குளிக்கிறாங்களா இல்லையா?" என்று கேட்டான். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரம் மனைவி கோவைப்பழம்போலச் சிவந்த கண்களோடு வீட்டுக்கு வந்தாள்.

"கண்ணு ரொம்ப எரியுதுங்க. மூச்சை அடக்கவே முடியல."

"திரையில ஏழு நிக்குது. தண்ணி தங்கம். நீ பயத்துல கண்ணைத் தேய்க்கிற, அதான் சிவக்குது," என்றேன். வைத்திய சாஸ்திரம் படிக்காதவன் பேச்சு எப்போதுமே தெளிவாக இருக்கும்.

அவள் கண்ணிலிருந்து கையை எடுத்தாள். "இருக்கும்," என்றாள்.

அடுத்த வகுப்பில் முகத்தை முக்கவில்லை. அதற்கடுத்த வகுப்புக்குப் போகவே இல்லை. நீச்சல் உடையை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். நான் பெரிய மனது பண்ணி, இதற்கெல்லாம் வருத்தப்படாதே என்று ஆறுதல் சொன்னேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது, கன்ட்ரோலர் வரைந்த கிராஃபைக் கைப்பேசியில் அவளிடம் காட்டினேன். மூன்று வாரக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "எங்க கிளினிக்ல கோடு இப்படி வந்தா ரெண்டுல ஒன்னு. ஆள் போயிட்டாரு, இல்லன்னா ஒயர் கழண்டிருக்கு."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. சாப்பாடும் பாதியில் நின்றது.

பம்ப் அறைக்கு ஓடினேன். பெட்டிக்குப் பின்னால், புட்டிக்குள், சென்சார் சுகமாக ஊறிக்கொண்டிருந்தது. பரணிலிருந்து கண்ணாடிக் குழாயை இறக்கி, குளத்துத் தண்ணீரைப் பிடித்து மருந்து விட்டேன். கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிற்று. சென்சாரைக் குழாயில் மாட்டியதும் திரை எட்டரைக்கு எகிறியது, மூன்று வாரமாகத் தூங்கிய ஆசிட் மோட்டார் ஓடத் தொடங்கியது. குளத்தை மூடச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அவள் கண் எரிந்ததைவிட, "இருக்கும்" என்று அவள் ஒத்துக்கொண்டதுதான் என்னை அறுத்தது.

கமுக்கமாகச் சரிசெய்துவிட்டு, "இன்னொரு தடவை போய்ப் பாரேன்," என்று அவளை அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த யோசனையோடுதான் வீடுவரை நடந்தேன்.

"ஒயரா?" என்றாள் கதவைத் திறந்ததும்.

"ஒயர் இல்ல, நான்தான். சென்சாரைப் புட்டியிலயே விட்டுட்டேன். தண்ணிதான் கெட்டுக் கிடந்துச்சு. உனக்குப் பயமெல்லாம் இல்ல."

அவள் பாத்திரம் கழுவப் போனாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசித் தட்டையும் கவிழ்த்து வைத்த பிறகு பேசினாள்.

"சனிக்கிழமை நான் போறேன். அதுக்குள்ள சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"என்கூட இன்னும் மூணு பேர் நின்னுட்டாங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?"

வகுப்பு எடுக்கும் டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் மூன்று எண்களையும் கொடுத்தார். "மூணு பேரும் பயமா இருக்குன்னுதான் சார் நின்னாங்க. ஒருத்தர்கூடத் தண்ணியக் குறை சொல்லல," என்றார்.

முதல் எண்ணில் ஓர் ஆண் குரல். நீச்சல் குளத்திலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"அது முடிஞ்சுபோச்சு சார். அவளுக்கு ஆரம்பத்துலேர்ந்தே பயம். இந்த வயசுல எதுக்குன்னு நான்தான் தேத்தி வச்சிருக்கேன்."

குரலில் அன்பு இருந்தது. நான் பேசியபோதும் அன்பாகத்தான் பேசினேன். என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவங்களுக்குப் பயம் இல்ல சார், தப்பு எங்க தண்ணியில," என்றேன். "போனை அவங்ககிட்டக் குடுங்க. நான் அவங்ககிட்டயே சொல்லணும்."