ஊறிப்போன கதவு

அந்தத் தச்சரை எல்லோரும் இழைப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவியின் பெயர் அது. ஆளும் அப்படித்தான், கொஞ்சம் பிசிறு தெரிந்தாலும் விடமாட்டார்.

கோடையில் மாட்டுகிற கதவுக்கும் நிலைக்கும் நடுவே துளி இடம் விடவேண்டும். மழையில் மரம் ஊறிப் பெருக்கும். ஊரார் வீட்டுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து இடம் விட்டவர், தன் வீட்டு உள்ளறைக்கு மட்டும் விடவில்லை. மனைவிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் காற்று படக்கூடாது என்று இழைத்து இழைத்துப் பொருத்தினார்.

"எறும்பு நுழையணும்னாகூட என்கிட்ட கேட்டுட்டுத்தான் நுழையணும்" என்று பீற்றிக்கொண்டார்.

அடைமழை நாளில் மனைவிக்கு வலி கண்டது. அன்று காலை தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். "கதவைச் சாத்திக்கோ அக்கா, நர்ஸம்மாவ கூட்டிட்டு ஓடி வந்துடறேன்" என்று தன் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் திரும்புவதற்குள் ஏரிக்கரை உடைந்துவிட்டது. முன்னறையில் இடுப்பளவு தண்ணீர். முக்காலி ஒன்று தலைகீழாக மிதந்துவந்து அவர் வயிற்றில் முட்டியது.

கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். சுவரை இடித்ததுபோல் இருந்தது. மரம் ஊறி, நிலையைக் கவ்விப் பிடித்திருந்தது. கோடரியைத் தேடி எடுத்து ஓங்கினார்.

கதவையடுத்த ஜன்னல் திறந்து, கம்பிக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரிந்தது. "டேய், வெட்டாதடா! இங்க பாதம் நனையற அளவுதான் இருக்கு. நீ வெட்டினா அங்க இருக்கிறது பூரா இவ மேல பாயும்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. தண்ணீர் ஜன்னல் கட்டையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. தொட்டுவிட்டால் கதவு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நர்ஸம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் சொல்லச் சொல்ல நீங்க செய்ங்கக்கா. தம்பி, இங்க நின்னு முழிக்காதீங்க. மேல போய் ஓட்டைப் பிரிங்க."

ஏணி வைத்துக் கூரை ஏறினார். மழை முதுகில் அறைந்தது. ஓட்டைத் தாங்கும் கைமரங்களுக்கு நடுவே ஓடுகளைப் பெயர்த்து வீசினார். கீழே மனைவி அலறுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஜன்னல் கட்டையைத் தாண்டிய தண்ணீர் அறைக்குள் சலசலவென்று விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா! என்ன ஆச்சு?"

ஓட்டை வழியாகத் தலையை விட்டுப் பார்த்தார். அக்கா கட்டில்மேல் நின்று, புடவைத் தலைப்பில் சுற்றிய ஒன்றை அவரை நோக்கி உயர்த்தினாள்.

"பொண்ணு. அழலடா. வாங்கு சீக்கிரம்."

ஏணிவழியாக ஏறிவந்த நர்ஸம்மா குழந்தையைப் பிடுங்கி, வாயைத் துடைத்து, கவிழ்த்துப்போட்டு முதுகில் தட்டினார். ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான். அழுகையென்று சொல்ல முடியாது.

"மூச்சு இருக்கு. மத்தவங்கள ஏத்துங்க."

மனைவியை அக்கா கீழிருந்து தள்ள, அவர் மேலிருந்து இழுத்தார். அக்காவைத் தூக்கத்தான் உயிர் போயிற்று. "வேளைக்கு வேளை கொட்டிக்கிட்டயே, இப்பப் பாரு" என்று அவர் திட்ட, "பேசாம இழுடா" என்று அவள் திட்ட, எப்படியோ வந்து சேர்ந்தாள்.

கூரை முகட்டில் நனைந்த காக்கைகள்போல் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை மனைவியின் ரவிக்கைக்குள் இருந்தது. சத்தமே இல்லை. விலக்கிப் பார்க்க அவருக்குக் கை வரவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் படகு ஒன்று வந்தது.

"எத்தனை பேரு?" என்று படகுக்காரர் கத்தினார்.

"நாலு பேரு!" என்றார் இழைப்புளி.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"அஞ்சு!" என்று கத்தினாள்.