விட்டுப் பிடி

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேனாக இருந்த சமயம். தீபாவளி சீசன். மேடையில் வெடி காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் திடீரென்று பேய்க்காற்று. பின்னாலேயே மழை. வேலைக்கு வந்த பெண்களும் நானும் வெடிமேல் தார்ப்பாயை இழுத்து, மூலைக்கு ஒருவராகக் கயிற்றைப் பிடித்தோம்.

"தார்ப்பாயை எவளாச்சும் விட்டீக, நாளைக்கு வேலைக்கு வராதீக!" என்று கத்திக்கொண்டே என் மூலைக் கயிற்றைக் கையில் மூணு சுற்று சுற்றிக்கொண்டேன். எதிர்மூலையில் திரி வெட்டுகிற செல்வி. "சுத்தாதீக அண்ணாச்சி! காத்து இழுக்கையில விட்டுப் பிடிங்க!" என்று அலறினாள். இவள் எனக்குச் சொல்வதா? இன்னொரு சுற்று சுற்றினேன்.

பாய் உப்பிக் கிளம்பியது. என்னைத் தூக்கி மேடை விளிம்பில் அறைந்தது. தோள் கழன்றது. கயிறு மணிக்கட்டுத் தோலை உரித்துக்கொண்டு எலும்பு வரை இறங்கியது. மறுபடி தூக்கியது, மறுபடி அறைந்தது. செல்வி தன் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து, திரி வெட்டும் கத்தியால் என் கயிற்றை அறுத்தாள். பாய் பறந்துபோய் முள்வேலியில் கிழிந்தது. வெடி மொத்தமும் நனைந்து நாசம்.

ரத்தத்தில் கிடந்த என் கையைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டே கேட்டாள்: "கயித்த விட்டுட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு வேலைக்கு வரலாமா?"

கிண்டல் இல்லை. முடிச்சைப் போட்டுவிட்டு, பதிலுக்கு என் முகத்தையே பார்த்தாள்.

அந்தக் காற்றுக்குப் பயப்படாதவள், என் வாய்க்குப் பயந்தாள்.