ராக்கெட் காவலும் முகாம் டேனிஷும்

கண்காட்சிக் காவல் என்பது, நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று, பிறத்தியார் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். அதைப் பார்த்துக் குதிக்கால் வீங்கியவர்கள் யாரும் இருந்தால், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எத்தனை அறை?

எண்பத்தைந்தாம் ஆண்டு டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தில் எனக்கு வேலை என்று ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். அதில் 'ரும்' என்று தொடங்கும் ஒரு நீளமான சொல் இருந்தது. டேனிஷில் ரும் என்றால் அறை. அகதி முகாமில் இலங்கையிலிருந்து வந்த நாங்கள் கூடியிருந்து தேத்தண்ணி குடித்த இடத்தின் கதவிலும் அந்தச் சொல் இருந்தது. சரி, ஏதோ ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை என்று நானே முடிவுகட்டி, பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு மழைக்குள் சைக்கிளில் போனேன்.

போன இடம் துறைமுகப் பக்கத்தில் ஒரு பழைய பண்டகசாலை. உள்ளே கட்டிலும் இல்லை, மெத்தையும் இல்லை. அமெரிக்கர் விண்வெளிக்குப் போன கதையைச் சொல்லும் கண்காட்சி. ஒருவர் போன கலம், இருவர் போன கலம், சந்திரனுக்கு மூவர் போன கலம் எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்து வைத்திருந்தார்கள். விண்வெளிக்கும் டேனிஷில் ரும்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பொறுப்பாக இருந்த பிர்கிட் அம்மாவிடம், "மொத்தம் எத்தனை ரும்?" என்று பணிவாகக் கேட்டேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்டே ஒண்டுதான். ஆனா அதுக்கு முடிவு இல்லை."

வெளியாலை போய் இடப்பக்கம்

என் வேலை, கண்ணாடியில் விழும் கைரேகையைத் துடைப்பதும் "தொடாதேங்கோ" என்று சொல்வதும். கூடவே, கழிப்பறைக்கு வழி கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு வசனத்தையும் பிர்கிட் பாடமாக்கித் தந்திருந்தார்.

ஒருநாள் ஒரு பெண்மணி, ஒருவர் போன கலத்துக்கு முன்னால் நின்று என்னிடம் ஏதோ கேட்டார். டொய்லெட் என்ற சொல் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்தேன்: "வெளியாலை போய் இடப்பக்கம்." அவர் கேட்டதோ, மேலே பறக்கிறவர்கள் அந்த அலுவலை எப்படி முடிப்பார்கள் என்று! கலத்தின் சின்னக் கதவை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். "உந்தக் கதவைத் திறந்துகொண்டோ? சரியான துணிச்சல்காரர்தான்!"

தடிமன்

பிர்கிட் பின்னால் நின்று இதைக் கேட்டுவிட்டார். கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். இந்த மாதம் எனக்குத் தகுதிகாண் மாதம். கடைசி வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூட வகுப்பு வரும். அந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்கம் சொன்னால் வேலை நிரந்தரம், சொல்ல முடியாவிட்டால் வேறு ஆள். முகாமை விட்டு வெளியே வந்தபின் ஒருவர் என்னை நம்பித் தந்த முதல் வேலை அது. பறிகொடுக்க எனக்கு மனமில்லை.

அகராதியை வைத்துக்கொண்டு பலகைகளில் இருந்ததை எல்லாம் மனப்பாடம் செய்தேன். டேனிஷில் எழுதியிருப்பது ஒன்று, தொண்டைக்குள் இருந்து வரவேண்டியது வேறொன்று. புவியீர்ப்பு என்பதற்கான சொல்லைப் பத்துத் தரம் பிர்கிட்டுக்குச் சொல்லிக் காட்டினேன். அவர் கவலையோடு கேட்டார்: "உமக்கு என்ன, தொண்டை கட்டித் தடிமனோ?"

மூன்று கிழமை

மன்னாரைச் சேர்ந்த அந்தோனி அண்ணை முகாமில் என் அறைத்தோழர். அப்போது அவருக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். ராக்கெட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பசைபோலக் குழாயில் அடைத்திருந்த சாப்பாட்டைக் கண்டு, "உதைத் திண்டோ சந்திரனுக்குப் போனவங்கள்?" என்று முகத்தைச் சுளித்தார்.

கடைசியாக ஒரு படத்தின் முன் நின்றார். சந்திரனில் முதலில் இறங்கிய கூட்டம், திரும்பி வந்ததும் கிருமி கொண்டுவந்திருப்பார்களோ என்ற பயத்தில் பெட்டி போன்ற ஒரு வண்டிக்குள் அடைக்கப்பட்ட படம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், டாக்டர், பரிசோதனை, கேள்வி. மனைவிமாரோடு கண்ணாடிக்கு அங்காலும் இங்காலும் நின்று கதை என்று விளக்கினேன். அண்ணைக்குக் கோபமே வந்துவிட்டது: "மூண்டு கிழமையோ? எங்களை முகாமிலை பதினொரு மாசமெல்லோ வைச்சிருந்தவங்கள்! நாங்கள் சந்திரனுக்குக் கூடப் போகேல்லையே!"

கடைசி வெள்ளி

நான் சிரித்த சத்தம் கேட்டு, என்ன கதை என்று பிர்கிட் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்காமல், "பதினொரு மாசமோ?" என்று திருப்பிக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை இருபது பிள்ளைகள் வந்தார்கள். புவியீர்ப்பு தொண்டையில் சிக்கிக்கொண்டது. உந்துவிசை அடியோடு மறந்துபோனது. பின்வரிசை கொட்டாவி விட்டது. போச்சு, கண்ணாடி துடைக்கிற துணியை ஒப்படைக்கவேண்டியதுதான் என்று நினைத்தபோது, கண் அந்தப் படத்தில் விழுந்தது. பொறு, வரிசை, டாக்டர், கேள்வி, இன்னும் முடிவில்லை, நாளைக்கு வா: நான் முகாமில் படித்த டேனிஷ் முழுக்க அதுதானே! வாய் தானாகத் திறந்தது. விண்வெளிக்குப் போன அமெரிக்காவின் முதல் ஆள் பதினைந்து நிமிடம் பறப்பதற்காகக் கலத்துக்குள் நாலு மணித்தியாலம் காத்துக்கிடந்ததையும், காத்திருப்பை யாரும் யோசிக்காததால் அவர் அங்கியை நனைத்ததையும் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெட்டிக்குள் இருந்தவர்கள் நாள் எண்ணியதைச் சொன்னேன். கொட்டாவி விட்டவர்கள் முன்னால் வந்து நின்றார்கள்.

பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "நீங்களும் சந்திரனுக்குப் போய் வந்தனீங்களோ?"

நான் வாய் திறக்குமுன் பிர்கிட் சொன்னார்: "சந்திரனுக்கு இல்லை. ஆனா எங்கடை நாட்டிலை வந்து இறங்கிப் பதினொரு மாசம் காத்திருந்தவர். இனி இங்கைதான் இருப்பார்."

ராக்கெட்டைப் பற்றி ஒரு வசனம் ஒழுங்காகச் சொல்ல வராதவனுக்கு, காத்திருந்த ஒரே தகுதியில் விண்வெளியில் வேலை நிரந்தரமானது.