மூணாவது மாடிச் சிரிப்பு

டெலிபோன் அம்மாவுக்கு முகம் மறக்கும், குரல் மறக்காது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தரைத்தளத்தில், மருந்து வாங்கும் வரிசைக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து வருகிற அழைப்புகளை வார்டு வார்டாகப் பிரித்துவிடுவது அவள் வேலை. எதிர்முனையில் 'ஹலோ' வருவதற்கு முன்னால் விடுகிற மூச்சிலேயே இது எலும்பு டாக்டர், இது ரத்த வங்கி என்று சொல்லிவிடுவாள். "அம்மாகிட்ட பொய்யா லீவு கேக்க முடியாதுடி, காய்ச்சல் இல்லைன்னு மூச்சுலயே கண்டுபிடிச்சுடுவாங்க" என்று நர்சுகள் கிண்டல் செய்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் சிரிப்பு எதுவென்று தெரியாமல் போயிற்று.

வினை நீலக்குடை வழியாக வந்தது. நீலக்குடை நாலு பேர் சேர்ந்து நடத்திய பாட்டுக்குழு. ஒரு காலத்தில் அவர்கள் பாட்டு ஒலிக்காத டீக்கடை இல்லை. குழு கலைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் ரசிகர்கள் கலைய மாட்டேன் என்கிறார்கள். 'குடைக்கூட்டம்' என்று ஃபோனில் ஒரு குழு வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டில் யார் கிட்டார், எந்தப் பதிவில் யார் இருமினார் என்று பல் தேய்க்கும் முன்பே சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள். இதில் யாருக்கும் காலணா லாபமில்லை. அதனால்தானோ என்னவோ விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள்.

போன மாதம் பாட்டுக் கம்பெனி பழைய ஒலிநாடாக்களைத் தூசி தட்டி ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஒத்திகைகள், பாதியில் நின்றுபோனவை, சுருதி தப்பியவை என்று அன்றைக்கு வேண்டாம் என ஒதுக்கியதெல்லாம் அதில் இருந்தது. கூடவே, எந்தப் பாட்டில் யார் என்ன வாசித்தார்கள் என்ற விவரமும் புதிதாகத் திருத்திப் போட்டிருந்தார்கள். 'மூணாவது மாடி' என்ற பாட்டில் ஒரு கிலுகிலு ஓசை உண்டு. அது சலங்கை என்று ஒரு கட்சி, டேம்பரின் என்று ஒரு கட்சி, இரண்டு தலைமுறையாக முறைத்துக்கொண்டிருந்தன. கம்பெனி போட்டிருந்ததோ இப்படி: 'சாவிக்கொத்து – பூட்டுத் திறக்க வந்தவர்.'

குடைக்கூட்டத்துக்குத் தலையில் இடி. வெளிவந்த பதிப்பு ஒன்றுவிடாமல் வாங்கிப் பெட்டி பெட்டியாகச் சேர்த்ததால் பெட்டிக்காரர் என்று பேர்வாங்கிய வங்கி குமாஸ்தா ஒருவர், அலையாய் அலைந்து அந்தச் சாவிக்காரரைக் கண்டுபிடித்தார். அவர் வேறு யாருமில்லை, டெலிபோன் அம்மாவின் வீட்டுக்காரர்.

சாவிக்காரர் அதை என்றுமே பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. அந்தக் காலத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. மூணாவது மாடியில் ஒலிப்பதிவுக் கூடம். மைக் வைத்திருந்த அலமாரி திறக்கவில்லை என்று கூப்பிட்டார்கள், போய்த் திறந்தார். அவர் இடுப்பிலிருந்த கொத்து குலுங்குவதைக் கேட்ட டிரம்காரர், "அதையே கொஞ்சம் ஆட்டுங்க தம்பி" என்றார். ஆட்டினார். ஒரு டீ கொடுத்தார்கள். இறங்கி வந்துவிட்டார். முதல் மாடி இன்ஷூரன்ஸ் ஆபீசில் டெலிபோன் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை அவர் கட்டிக்கொண்டது அதற்கு அடுத்த வருஷம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூட ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார். பெட்டிக்காரர் எதைச் சொன்னாலும் மறுப்பதால் அவருக்குக் குழுவில் எதிர்க்கட்சி என்று பெயர். இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தார்கள்.

"அண்ணே, சாவி விஷயம் முடிஞ்சுது. இப்ப இது யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்று பெட்டிக்காரர் ஃபோனை மேஜைமேல் வைத்து அழுத்தினார்.

பாட்டு பாதியில் நின்றது. யாரோ தப்பாக ஆரம்பித்து, யாரோ "அய்யய்யோ" என்றார்கள். சாவி கிலுங்கி ஓய்ந்தது. அப்போது ஒரு பெண் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கில் ஆரம்பித்து வாய்விட்டு முடிந்த சிரிப்பு. கேட்கிற எல்லோருக்கும் உதடு தானாக விரிந்தது.

"கம்பெனியில விசாரிச்சேன், சாவிக்குன்னு தனி மைக் வெச்சிருக்காங்கண்ணே. அந்த மைக்லதான் சிரிப்பு சத்தமா விழுந்திருக்கு. மத்ததுல லேசாத்தான் கேக்குதாம். அப்போ அவங்க உங்க பக்கத்துலதான் நின்னிருக்கணும்" என்றார் பெட்டிக்காரர்.

"அது பாடகரோட சம்சாரம்தான்" என்றார் எதிர்க்கட்சி.

"அவங்க அன்னிக்கு ஊர்லயே இல்லைய்யா!"

சாவிக்காரர் காதைச் சொறிந்தார். "எனக்கு ஞாபகமில்லையே."

"நான்தான்" என்றாள் டெலிபோன் அம்மா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சூடேறியது. அன்று ஆபீசில் தன் மேஜை டிராயர் திறக்காமல் அடம்பிடித்ததும், கடையில் ஆளில்லாமல் மேலே தேடிப் போனதும், கதவோரம் நின்றதும், யாரோ இழுத்து உள்ளே விட்டதும் அவளுக்கு ஞாபகமிருந்தது. இருந்ததா, இல்லை இந்தச் சிரிப்பைக் கேட்டபின் வந்து ஒட்டிக்கொண்டதா?

"நீ எங்க அங்க வந்த? டிராயர் ரிப்பேர் ஆனது மறுநாள்ல" என்றார் சாவிக்காரர்.

"அன்னிக்கேதாங்க."

"மறுநாள்."

பெட்டிக்காரருக்குக் கை பரபரத்தது. அடுத்த பதிப்பில் கம்பெனி திருத்தம் போடப்போகிறதாம். அன்றைக்குப் பக்கத்தில் நின்றவர் சொல்வதுதான் சாட்சியாம். "அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அக்கான்னா அக்கா பேரு போட்டுடலாம்." எதிர்க்கட்சி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

சாயங்காலத்துக்குள் குடைக்கூட்டம் மூன்றாக உடைந்தது. பாடகரின் சம்சாரக் கட்சி, சாவிக்காரர் வீட்டம்மா கட்சி, பின்னால் யாரோ ஒட்டிச் சேர்த்த சிரிப்பு என்று ஒரு சந்தேகக் கட்சி. டெலிபோன் அம்மாவின் மண்டைக்குள்ளும் அதே மூன்று கட்சிகள்.

பேர் போடுவதும் போடாததும் அவளுக்கு ஒரு பொருட்டல்ல. அந்தச் சிரிப்பு வேண்டும். அவ்வளவு தாராளமாக ஒருத்தி சிரித்திருக்கிறாள், அது தானாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு குடைச்சல் இருக்கிறது: கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தன் புருஷன் பக்கத்தில் நின்று அப்படிச் சிரித்தவள் யார்? போய்ச் சேர்ந்த காலத்தின் மேல் பொறாமைப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பட்டாள்.

மகளுக்கு அந்தச் சிரிப்புத் துண்டை ஃபோனில் அனுப்பிவைத்து, "யாருன்னு சொல்லு" என்றாள்.

"யாரும்மா இது? செம சிரிப்பும்மா. உங்க ஆஸ்பத்திரியில புதுசா வந்தவங்களா?"

டெலிபோன் அம்மா வேறு பேச்சுக்கு மாறினாள். பெற்ற பெண்ணுக்கே தெரியவில்லை.

மறுநாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்துவைத்துச் சிரித்துப் பார்த்தாள். போட்டுக் கேட்டால் தொண்டையில் ஏதோ சிக்கியவள் மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சிரித்தாள். அதைவிட மோசம். "என்ன, புரையேறிடுச்சா?" என்று வெளியிலிருந்து சாவிக்காரர் தண்ணீரோடு வந்து நின்றார். டம்ளரை வாங்கிக் குடித்துவைத்தாள், வேறென்ன செய்வது?

ஆஸ்பத்திரியிலும் கவனம் பிசகியது. எலும்பு டாக்டரைப் பிரசவ வார்டுக்குப் போட்டுவிட்டாள். அவர் அங்கே யாருக்கோ, "காலை அசைக்காம வைங்க" என்று உத்தரவு போட்டு, அந்தப் பக்கத்திலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளோ யார் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது சாவிக்காரர் தானே பேச்சை எடுத்தார். அவரும் அந்த வாரமெல்லாம் கடையில் அரத்தால் சாவி ராவிக்கொண்டே அதைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

"நல்லா கேட்டுட்டேன். அது நீ இல்ல."

அவள் கை சோற்றிலேயே நின்றது. "எப்படிச் சொல்றீங்க?"

"இத்தனை வருஷமா உன்கூட இருக்கேன். நீ இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்லையே."

சாதாரணமாகத்தான் சொன்னார். இந்தப் பூட்டுக்கு இந்தச் சாவி சேராது என்கிற மாதிரி. சொல்லிவிட்டு மோரை எடுத்தார். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. உண்மைதானே என்று நினைத்ததுதான் பொறுக்கவில்லை.

"அப்ப யாரு அது?"

"அதான் எனக்கும் குழப்பம். இப்படி ஒருத்தி பக்கத்துல நின்னு சிரிச்சிருந்தா மறந்திருப்பேனா?"

"மறந்துட்டீங்களே" என்றாள் அவள். "அது நானோ வேற யாரோ, யாரா இருந்தாலும் மறந்துட்டீங்களே."

சாவிக்காரர் மோரைக் கீழே வைத்தார். எவ்வளவு முரட்டுப் பூட்டாக இருந்தாலும் காதை வைத்துக் கேட்டே திறக்கிற மனுஷன், இப்போது எங்கே காதை வைப்பதென்று தெரியாமல் விழித்தார். கடைசியில், "எங்க, ஒரு தடவை சிரிச்சுக் காட்டேன்" என்றார்.

"சும்மா எப்படிச் சிரிக்கிறது? சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

அவர் யோசித்தார். தட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார். பரீட்சையில் படிக்காத கேள்வி வந்துவிட்ட மாதிரி நெற்றி வேர்த்தது. கட்டிய நாளிலிருந்து அவளிடம் சொன்னதையெல்லாம் புரட்டிப் பார்த்திருப்பார் போல. பால், கரண்ட் பில், மகள் பரீட்சை, முட்டிவலி.

"நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அவ்வளவுதான். அவள் அடக்கத்தான் பார்த்தாள். மூக்கில் ஆரம்பித்துவிட்டது. சோற்றுக்கையால் வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. அது எந்தக் கணக்கில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

சாவிக்காரர் பதறியெழுந்தார். "இரு, இரு, நிறுத்தாத!" என்று ஈரக்கையோடு ஃபோனைத் தேடினார். ஈர விரலுக்கு அது திறக்கவில்லை. வேட்டியில் துடைத்து, திறந்து, பதிவு செய்யும் இடம் எதுவென்று தடவுவதற்குள் அவள் சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை."

"வரலைங்க."

தப்பாக எதையோ அழுத்திவிட்டார். நின்றுபோன பாட்டும், கிலுங்கி ஓய்ந்த சாவியும், பின்னாலேயே அந்தச் சிரிப்பும் ஃபோனிலிருந்து வந்தன. தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அவளை, புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோல, ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் அப்படித்தான் இருக்கு. இல்ல? நீயே சொல்லேன், நீதானா?"

ஆஸ்பத்திரி முழுக்க எல்லோருடைய குரலையும் அறிந்தவள் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே பக்கத்துல நின்னீங்க" என்றாள்.